மூணு வயசு கால் எவ்வளவு தூரம் நடக்கும்? மலை ஊர் பால்வாடிய இணைக்கலாமானு யோசிக்கிற அதிகாரிங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க அய்யா, அம்மா.

உங்கள்ல யார் மேசையில அந்த ஃபைல் இருக்குனு எனக்கு தெரியாது, அதனால எல்லாருக்கும் சேத்தே எழுதுறேன். எங்க ஊர் பால்வாடியில புள்ளைங்க கம்மியா வர்றாங்க, அத கீழ இருக்குற ஊர் மையத்தோட சேத்துடலாம்னு பேச்சு ஓடுது. போர்டுல அங்கன்வாடினுதான் எழுதியிருக்கு, எங்களுக்கு அது எப்பவும் பால்வாடிதான். சேலத்துல ஒரு பிரைவேட் ஆபீஸ்ல கணக்கு எழுதிட்டு இருக்குறவ நான், இதெல்லாம் எழுதி பழக்கமில்ல, ஆனா போன மாசம் ஊருக்கு போயிட்டு வந்ததுல இருந்து மனசே ஆறல.

எங்க ஊரு சேர்வராயன் மலையில, ஏற்காட்டுல இருந்து நாகலூர் பக்கம் போற ரோட்டுல ஒரு இடத்துல பஸ்ஸ விட்டு இறங்கி காப்பி தோட்டத்துக்குள்ள முக்கால் மணி நேரம் நடக்கணும். ஊர் பேர வேணும்னே எழுதல. இத படிக்கிற மலைக்காரங்க நிறைய பேருக்கு இது தங்களோட ஊருனு தோணும், அப்படி தோணுனா சரிதான்.

நான் பொறந்தது 1980ல. பால்வாடியில சேந்தது 1983, ஆடி மாசம். சேந்தேன்னு சொல்றது தப்பு, தூக்கிட்டு போனாங்கனு சொல்லணும். காலையில எங்கம்மா தோட்டத்துக்கு களை வெட்ட கெளம்பிடும், அப்பா அதுக்கு முன்னாடியே போயிருக்கும், வீட்ல நானும் எங்கக்காவும் மட்டும்தான். அக்காவுக்கு அப்ப எட்டு வயசு. என்னை பாத்துக்கணும்னே அவள ஸ்கூலுக்கு அனுப்பல. அன்னிக்கு சாரல், பனிமூட்டத்துல எதிர் வீடு தெரியல, வாசல்ல கொங்காடை போட்டுக்கிட்டு ஒரு உருவம் வந்து நின்னுச்சு. கொங்காடைனா கோணிச்சாக்க ஒரு மூலைய உள்ள மடிச்சு தலையில மாட்டிக்கிறது, மழைக்கு எங்க ஊர்ல எல்லாருக்கும் அதுதான் குடை. நான் பயந்து அழுதேன். அந்த உருவம் "ஏங்கண்ணு அழுவற, சோறு இருக்குது வா"னு சொல்லி என்னை தூக்கி அந்த சாக்குக்குள்ளயே வெச்சுக்கிச்சு. விறகுப்புகை வாசமும் நனைஞ்ச சாக்கு வாசமும் சேந்து அடிச்சுது. அதுதான் எங்க பால்வாடி ஆயா.

எங்கக்கா வாசல்லயே நின்னு பாத்துட்டு இருந்தா. அடுத்த வாரமே அவ ஸ்கூலுக்கு போக ஆரம்பிச்சா, எட்டு வயசுல ஒண்ணாவது. இத நான் பெரியவளாகி ரொம்ப நாள் கழிச்சுதான் யோசிச்சேன். பால்வாடிக்கு போனது நான், ஆனா அந்த பால்வாடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனது எங்கக்காவ. பத்தாவது வரைக்கும் படிச்சா. எங்க சொந்தத்துல பத்தாவது எழுதுன முதல் பொண்ணு அவதான். உங்க ரெஜிஸ்டர்ல பால்வாடிக்கு வந்த புள்ளைங்க பேரு மட்டும் இருக்கும், அதனால வீட்ட விட்டு விடுதலையான அக்காங்க பேரு எந்த காலத்துலயும் இருக்காது.

ஆயாகிட்ட ஒரு கயிறு இருந்துச்சு. மாட்டுக்கு கட்டுற தாம்புக்கயிறுதான், முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டு வெச்சிருக்கும். வீடு வீடா போய் ஒவ்வொரு புள்ளையா கூப்பிட்டு ஒவ்வொரு முடிச்சுல கைய புடிக்க வெச்சு கூட்டிட்டு போகும். பனிமூட்டத்துல முன்னாடி போறவன் முதுகு தெரியாது ஆனா கையில கயிறு இருக்கும். யாருக்கு எந்த முடிச்சுனு கணக்கு உண்டு, என்னோடது நாலாவது. ஒரு முடிச்சு காலியா இருந்தா ஆயா எங்கள பெரிய பலா மரத்தடியில உக்கார வெச்சுட்டு அந்த வீட்டுக்கு போகும். காய்ச்சலா, ஊருக்கு போயிட்டாங்களா, இல்ல புள்ளைய தோட்டத்துக்கே இடுப்புல வெச்சுட்டு போயிட்டாங்களானு பாத்துட்டுதான் வரும். தோட்டத்துக்குனா தோட்டத்துக்கே போய் சில்வர் ஓக் மரத்துல கட்டுன தூளியில இருந்து புள்ளைய எடுத்துட்டு வந்துடும். அம்மாக்காரி திட்டுனாலும் காதுல போட்டுக்காது. ஒரு தடவ பாதையில காட்டெருமை நின்னுச்சு, ஆயா வாய தொறக்கல, கயித்த மெதுவா கீழ இழுத்துச்சு, நாங்க பன்னெண்டு பேரும் அப்படியே உக்காந்துட்டோம். அது மூச்சு விடுறது எங்களுக்கு கேட்டுச்சு. அது போனப்பறம்தான் ஆயா அழுதுச்சு, நாங்க ஏன் அழுவுதுனு புரியாம பாத்துட்டு இருந்தோம்.

1982 ஜூலை 1ஆம் தேதி திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில எம்.ஜி.ஆர். சத்துணவு திட்டத்த தொடங்குனாரு இல்லீங்களா, ரெண்டு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் பால்வாடியில சோறு, அதுக்கு மேல ஸ்கூல்ல சோறுனு. அது மலையேறி எங்க ஊருக்கு வந்ததுலதான் நாங்கெல்லாம். வேலைக்கு ஆள் எடுக்கறப்ப புருஷன் இல்லாதவங்களுக்கும் ஆதரவு இல்லாதவங்களுக்கும் முன்னுரிமை குடுத்தாங்க, ஆயாவும் அப்படி வந்ததுதான், புருஷன் செத்து ரெண்டு புள்ளைய வெச்சுட்டு கூலிக்கு போயிட்டு இருந்துச்சு. அந்த வேலை வந்ததும் ஊர்ல ஆயாவுக்கு ஒரு மரியாதை வந்துச்சு. கல்யாண வீட்ல முன்ன ஒதுங்கி நிக்கும், அப்பறம் யாரும் ஒதுக்கல, ஏன்னா எல்லார் வீட்டு புள்ளையும் ஆயா கை சோறு தின்னதுதான்.

அந்த சோத்த பத்தி சொல்லாம இருக்க முடியாது. எங்க வீட்ல சாமைச்சோறு, இல்லைனா ராகிக்களி. நெல்லுச்சோறுங்கறது நோம்பிக்கு, சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு, யாராவது செத்தா. பால்வாடியில தினமும் நெல்லுச்சோறு! ஊர் சாவடியிலதான் அப்ப பால்வாடி நடந்துச்சு, வெளிய மூணு கல்லு கூட்டி அடுப்பு, அலுமினிய குண்டான்ல சோறு கொதிக்கும், நாங்க சுத்தி உக்காந்து கைய நீட்டி குளிர் காய்வோம். காரட்டு பருப்பு எல்லாம் போட்டு ஒரே கொழம்பு, மேல கொஞ்சம் எண்ணெய் ஊத்தும். அந்த முதல் வாயோட சூடு இன்னும் எனக்கு நாக்குல இருக்கு. முட்டையெல்லாம் அப்ப கெடையாது, முட்டை வந்தது 1989ல, கலைஞர் ஆட்சியில, ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. அப்ப நான் ஸ்கூலுக்கு போயிட்டேன், பாதி தின்னுட்டு பாதிய பாவாடையில முடிஞ்சு தம்பிக்கு கொண்டு போவேன். இப்ப பால்வாடியில வாரத்துக்கு 3 முட்டை. எவ்வளவு தூரம் வந்திருக்கோம் பாருங்க. இந்த நாட்டுலயே இதுல முன்னாடி நடந்தது நம்ம தமிழ்நாடுதான், அத நெனச்சா எனக்கு நெஞ்சு நிமிருது, அதனாலதான் இப்ப வலிக்குது.

டீச்சர் கீழ இருந்து வந்தவங்க, சேலத்துக்காரங்க, குளிருக்கு ரெண்டு பொடவை சுத்திட்டு வருவாங்க. எண்ண கத்துக்குடுத்தது காப்பிக்கொட்டையிலதான். ஒரு பழத்த பிதுக்குனா ரெண்டு கொட்டை வரும், அதனால எங்களுக்கு ஒண்ணு ரெண்டு மூணு வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு நாலு ஆறு வந்துருச்சு. சில பழத்துல ஒத்தக்கொட்டை உருண்டையா இருக்கும், அது கெடைச்சவங்களுக்கு டீச்சர் கை தட்டுவாங்க, ஒத்தைப்படை இரட்டைப்படைங்கறத நான் அப்படித்தான் புரிஞ்சுக்கிட்டேன். இன்னிக்கு லட்சக்கணக்குல வவுச்சர் டேலி பண்றேன், அதுக்கு ஆரம்பம் அந்த சாவடி திண்ணையில கெடந்த காப்பிக்கொட்டைதான். சிலேட்டுல எழுதுனத விட பலப்பம் தின்னதுதான் அதிகம், அதுக்கு அடி விழாது, ஆயா மட்டும் "ரத்தம் இல்லாத புள்ளதான் இத திங்கும்"னு டீச்சர்கிட்ட சொல்லி எனக்கு சத்துமாவு ஒரு உருண்டை சேத்து குடுக்க சொல்லும்.

மாசத்துக்கு ஒரு தடவ எடை பாப்பாங்க. தராச சாவடி உத்தரத்துல மாட்டி, டவுசர் மாதிரி ஒரு பையில எங்கள தொங்க விடுவாங்க, ஊஞ்சல்னு நெனச்சு சிரிப்போம். கார்டுல கலர் கலரா கோடு இருக்கும், நான் எப்பவும் பச்சைக்கு கீழதான். ஒரு மாசம் பச்சையில போய் நின்னப்ப டீச்சரும் ஆயாவும் என்னை தூக்கி ஆளுக்கு ஒரு முத்தம் குடுத்தாங்க, எதுக்குனு எனக்கு தெரியல, ஆனா ஏதோ பெருசா ஜெயிச்சுட்டேன்னு மட்டும் புரிஞ்சுது. மூணு வயசு புள்ளைக்கு அப்படி ஒரு நாள் அமையணும்ங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

போன மாசம் ஊருக்கு போனப்ப பால்வாடிய பாத்தேன். சாவடி போய் ஒத்தை ரூம் கட்டடம் வந்து ரொம்ப வருஷமாச்சு. உள்ள நாலே நாலு புள்ளைங்க. எனக்கு திக்குனு ஆச்சு. ஊர்ல புள்ளைங்களே பொறக்கறது இல்லையானு கேட்டுட்டு வீடு வீடா நானே போய் எண்ணுனேன், பால்வாடி வயசுல 11 புள்ளைங்க இருக்கு. அப்ப மீதி ஏழு எங்க? ரெண்டு தோட்டத்துல மரத்தடியில. ஒண்ண கண்ணு தெரியாத பாட்டி பாத்துக்குது. ரெண்டு வீட்ல மூத்த பொண்ணு லீவு போட்டுட்டு தம்பிய வெச்சுட்டு உக்காந்திருக்கு, ஒருத்தி மூணாவது இன்னொருத்தி அஞ்சாவது. இன்னும் ரெண்டு பேரு சும்மா செல்போன் பாத்துட்டு கெடக்குறாங்க. அந்த மூணாவது படிக்கிற பொண்ண பாத்ததும் எனக்கு எங்கக்கா வாசல்ல நின்ன ஞாபகம் வந்துருச்சு, நாப்பது வருஷம் கழிச்சு அதே மாதிரி ஒரு வாசல்ல அதே மாதிரி ஒரு பொண்ணு நிக்குது.

ஏன் அனுப்பலனு அம்மாக்காரங்கள கேட்டேன். எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னாங்க. கூட்டிட்டு போக ஆள் இல்ல. எங்க ஆயாவுக்கு அப்பறம் வந்த அக்காவும் ரிட்டயர் ஆகிட்டாங்க, அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடல. டீச்சர் ஒரே ஆளு. அவங்கதான் சமைக்கணும், அவங்கதான் பாடம் சொல்லணும், எடை போடணும், கழுவி விடணும், செல்போன்ல ஆப் தொறந்து எல்லாத்தையும் ஏத்தணும், டவர் கெடைக்காம பாறை மேல ஏறி நிக்கிறாங்க, இதுல பக்கத்து ஊர் மையத்துக்கும் அவங்கதான் இன்சார்ஜ். அவங்க எப்படி வீடு வீடா போவாங்க? காலையில ஏழரைக்கு தோட்டத்துல பேர் குடுக்கணும், பால்வாடி தொறக்கறதுக்கு முன்னாடியே அம்மா போயிடுது. முன்னெல்லாம் அந்த நடுவுல இருந்த நேரத்த ஆயாதான் அடைச்சுது.

அதனால சொல்றேன், புள்ளைங்க கம்மினு மூடப் போறீங்க, ஆயா இல்லாததாலதான் புள்ளைங்க கம்மி. நீங்களே காலியா விட்ட இடத்தால கொறஞ்ச எண்ணிக்கைய நீங்களே காரணமா காட்டலாமா? நான் கணக்கு எழுதுறவ, ஒரு பக்கம் வரவ எழுதாம விட்டுட்டு மறு பக்கம் நஷ்டம்னு காட்டுனா எங்க ஆடிட்டர் ஒத்துக்க மாட்டாரு.

கீழூர் மையத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர்தானேனு ஒருத்தர் சொன்னாராம். மேப்புல அவ்வளவுதான் இருக்கும். ஆனா அது எறக்கம். போறப்ப வழுக்கும், வர்றப்ப மூச்சு வாங்கும், நடுவுல ஒரு ஓடை இருக்கு, ஐப்பசி கார்த்திகையில அதுல பெரியவங்களே செருப்ப கையில எடுத்துட்டுதான் தாண்டணும். காட்டெருமை இப்ப முன்ன விட அதிகமா நடமாடுதுனு ஊர்ல சொல்றாங்க. தையில மிளகு, அதுக்கு முன்னாடி காப்பிப்பழம் பறிக்கிற சீசன் முழுக்க பொழுது விடிய வீட்ல ஒரு பெரிய ஆளு இருக்காது. ஒண்ணாவது சேர்ற புள்ளைக்கு ஒரு கிலோமீட்டருக்குள்ள ஸ்கூல் இருக்கணும்னு கல்வி உரிமைச் சட்டத்தோட விதியில வெச்சிருக்கீங்க, மூணு வயசுக்கு அதுல பாதியாச்சும் யோசிக்க வேணாமா?

மலைக்குனு தனி கணக்கு இருக்குறது உங்களுக்கு என்னை விட நல்லா தெரியும். சமவெளியில 400 பேருக்கு ஒரு மையம்னா மலையில 300 பேருக்கே ஒண்ணு, 150 பேர் இருந்தாலே குறு மையம் வெக்கலாம்னு மத்திய அரசோட விதிமுறையே சொல்லுது. யாரோ ஒருத்தர் மலைய நேர்ல பாத்துட்டுதான் அத எழுதியிருக்கணும். 2013ல வந்த உணவுப் பாதுகாப்பு சட்டத்துல ஆறு மாசத்துல இருந்து ஆறு வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்களுக்கு உள்ளூர் அங்கன்வாடி மூலமா இலவசமா சாப்பாடுனு இருக்கு. உள்ளூர்ங்கற அந்த ஒரு வார்த்தைய தயவு செஞ்சு இன்னொரு தடவ படிங்க. ஓடைக்கு அந்தப்பக்கம் இருக்குறது எங்களுக்கு வெளியூர்.

தோட்டத்துலயே புள்ளைங்கள பாத்துக்க இடம் இருக்காதானு கேப்பீங்க. 1951ஆம் வருஷத்து தோட்டத் தொழிலாளர் சட்டத்துல 50 பொம்பளைங்களோ அதுக்கு மேலயோ வேலை செஞ்சா குழந்தைகள் காப்பகம் வெக்கணும்னு இருந்துச்சு, ஆனா எங்க ஊர்க்காரங்க போறதெல்லாம் பத்து பேர் இருவது பேர் வேலை செய்யுற சின்ன தோட்டம். அங்க மரத்தடிதான் காப்பகம்.

இன்னொண்ணு. 2023 ஆகஸ்ட்ல இருந்து எல்லா அரசு தொடக்கப்பள்ளியிலயும் காலை சாப்பாடு வந்துருச்சு. அந்த மூணாவது படிக்கிற பொண்ணு ஸ்கூலுக்கு போனா சூடா உப்புமாவோ பொங்கலோ கெடைக்கும். ஆனா தம்பிய பாத்துக்க வீட்ல உக்காந்திருக்கா. ஒரு ஆயா சம்பளத்த மிச்சம் புடிச்சு ரெண்டு புள்ளைங்க சோத்த நிறுத்தியிருக்கு இந்த ஏற்பாடு, தம்பிக்கு மதிய சோறும் முட்டையும் போச்சு, அக்காவுக்கு காலை சாப்பாடும் மதிய சாப்பாடும் படிப்பும் போச்சு. இது யாரும் வேணும்னு செஞ்சது இல்லைனு நான் நம்புறேன். கீழ இருந்து பாத்தா இது தெரியாது, அவ்வளவுதான்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்லீங்க. கட்டடம் கேக்கல, கலர் பெயிண்ட் கேக்கல, டிவி கேக்கல. எங்க ஊர்லயே ஒரு பொம்பளைய ஆயா வேலைக்கு போடுங்க. ஊர்க்காரியா இருக்கணும், எந்த வீட்ல எந்த புள்ள, யாருக்கு காய்ச்சல், எந்த பாதையில நேத்து காட்டெருமை நின்னுச்சுனு அவளுக்குத்தான் தெரியும். புருஷன் இல்லாத பொண்ணுங்க இன்னிக்கும் எங்க ஊர்ல ரெண்டு பேர் இருக்காங்க, ரெண்டு பேருமே எட்டாவது தாண்டுனவங்க. ஒரு வருஷம் குடுங்க. ஒரு வருஷம் கழிச்சு வந்து எண்ணுங்க. அப்பவும் நாலு பேருதான்னா அப்பறம் பேசலாம்.

எங்க ஆயா செத்து ஏழெட்டு வருஷம் இருக்கும். நான் கேள்விப்பட்டு போறதுக்குள்ள எடுத்துட்டாங்க. அந்த கயிறு என்னாச்சுனு அவங்க மகன்கிட்ட கேட்டேன், ஆட்டுக்கு கட்டிட்டோம் அக்கானு சொன்னான். நல்லதுதான், கயிறு சும்மா கெடக்கக் கூடாது.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ எங்க ஊருக்கு வாங்க. மே மாசம் கோடை விழாவுக்கு ஏற்காடு வர்றப்ப ஏரியையும் லேடீஸ் சீட்டையும் பாக்குறதோட நிறுத்திடாதீங்க, முடிஞ்சா ஐப்பசியில வாங்க, ஒரு திங்கக்கெழம காலையில. நாகலூர் ரோட்டுல பஸ் ஸ்டாப்புல நான் நிக்கிறேன், லீவு போட்டுட்டு வர்றேன். மேல எங்க ஊருக்கு போய் அங்கிருந்து கீழூர் மையத்துக்கு நடப்போம், ஊர்ல இருந்து ஒரு மூணு வயசு புள்ளையும் கூட வரும், அதோட அம்மாகிட்ட நான் பேசி வெச்சுட்டேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்குறேன், புள்ளைய யாரும் தூக்கக் கூடாது. அது நின்னா நாமளும் நிப்போம், அது உக்காந்தா நாமளும் உக்காருவோம். எத்தன மணிக்கு போய் சேர்றோம்னு நீங்களே உங்க வாட்ச்ல பாத்து எழுதிக்கோங்க. மழை வந்தா கவலப்படாதீங்க, உங்களுக்கும் சேத்து கொங்காடை எடுத்துட்டு வர்றேன்.

இப்படிக்கு,
1983ல நாலாவது முடிச்ச புடிச்சுட்டு வந்தவ
சேலம்